கெட்டிமேளத்துக்கு முன்னால் எங்கே நிற்பது? கல்யாண போட்டோகிராபிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல்யாண போட்டோகிராபியில் இறங்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். மாங்கல்யம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன நடக்கும், ஐயர் எந்தப் பக்கம் உட்காருவார், நாத்தனார் எங்கிருந்து வருவார் என்பதெல்லாம் தெரியாமல் நாலு லட்ச ரூபாய் கேமராவோடு மேடையில் நின்றால், உங்களுக்குக் கிடைப்பது மாப்பிள்ளையின் சித்தப்பா முதுகு மட்டும்தான். அடுத்து நடக்கப்போவது தெரிந்து, அரை நிமிடம் முன்பே அந்த இடத்தில் போய் நிற்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. மீதி பாதி ஆட்களைச் சமாளிப்பது. கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் இங்கே எழுதுவது தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணங்களை மனதில் வைத்து.

முதலில் யாராவது ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்

நேராக உங்கள் பெயரில் ஒரு கல்யாணத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் நன்றாக வேலை செய்யும் ஒருவரிடம் போய், லைட் பிடிக்கக்கூடத் தயார் என்று சொல்லுங்கள். லைட் பிடிப்பவருக்குச் சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு, ஆனால் கல்யாணத்தில் நடப்பது அத்தனையையும் மிக அருகில் இருந்து பார்ப்பவர் அவர்தான். போட்டோகிராபர் எப்போது லென்ஸ் மாற்றுகிறார், எந்தச் சடங்குக்கு மேடையை விட்டு இறங்குகிறார், மறிக்கும் பெரியவரை எப்படி முகம் சுளிக்க வைக்காமல் நகர்த்துகிறார் என்பதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

தனியாக எடுக்க ஆரம்பிக்கும்போது சின்ன விசேஷங்களிலிருந்து தொடங்குங்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், காதுகுத்து. காதுகுத்தை நான் குறிப்பாகச் சொல்வேன். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும், ஆசாரி கம்பியை எடுப்பார், குழந்தை அழுவதற்கு முன்னால் ஒரு நொடி திகைத்துப் பார்க்கும். அந்த ஒரு நொடி, மாமன் முகம், பின்னால் கண்ணை மூடிக்கொள்ளும் அம்மா, மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். அதைப் பிடிக்கப் பழகிவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் கை நடுங்காது. டெல்டா பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருக்கடையூர் நல்ல பயிற்சிக் களம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டே இருக்கும் ஊர், சடங்கு ஏறக்குறைய கல்யாணம் போலவே, பதற்றம் மட்டும் கொஞ்சம் குறைவு. கோயிலுக்குள் எங்கே வரை கேமரா அனுமதி என்பதைத் தேவஸ்தான அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சன்னதிக்குள் எடுக்கக் கூடாது.

சடங்கு வரிசையை எழுதி வாங்குங்கள்

வேலை உறுதியானதும் பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டு வீட்டு வழக்கமும் ஒன்றாக இருக்காது, இரண்டு பேருமே தங்கள் வழக்கம்தான் நடக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பந்தக்கால் நடுவதை எடுக்க வேண்டுமா, நலங்கு வீட்டிலா மண்டபத்திலா, மாப்பிள்ளை அழைப்பு கோயிலிலிருந்தா, ரிசப்ஷன் முந்தின நாள் மாலையா முகூர்த்தம் முடிந்தா? இதையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் நாலரை ஆறு என்று பத்திரிகையில் இருந்தால் மேக்கப் இரவு இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடும், மூன்றரைக்குப் பெண் தயாராகும் அறையில் நீங்கள் இருந்தாக வேண்டும். முந்தின நாள் ரிசப்ஷன் முடிந்து நீங்கள் படுக்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது தாலி கட்டும் கட்டம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், "மறுபடி ஒரு தடவை கையை வையுங்க" என்று கேட்பார்கள். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டோடு சபையில் கொண்டு போவார்கள், எல்லாரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். உங்களுக்கு அதுதான் அலாரம். தட்டு கீழே சுற்றிக்கொண்டிருக்கும்போதே கார்டில் இடம் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள், பாதிக்கும் கீழே இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். தட்டு மேடைக்குத் திரும்பும்போது உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நிற்கக் கூடாது, நின்றால் பின்னால் இருக்கும் சபையே உங்களைத் திட்டும். இரண்டு பேர் எடுப்பதாக இருந்தால் ஒருவர் முன்னால் சற்றுப் பக்கவாட்டில் தாழ்வாக, மற்றவர் பெண்ணின் பின்பக்கம் முடிச்சும் நாத்தனாரும் தெரிகிற மாதிரி. பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். சில வீடுகளில் மூன்றையும் மாப்பிள்ளையே போடுவார். ஐயர் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள், அதற்கேற்ப உயரம் மாறும், அப்பாவின் முகத்தையும் சேர்த்து எடுக்க முடிகிற கோணம் பாருங்கள்.

அப்புறம் ஐயரின் கையைக் கவனியுங்கள். நாதஸ்வரக்காரரைப் பார்த்து விரலை உயர்த்தி ஆட்டுவார். "கெட்டிமேளம்" என்ற வார்த்தை சில நேரம் கேட்காது, கை கண்டிப்பாகத் தெரியும். அந்தக் கணத்தில் சபை மொத்தமும் எழும், அட்சதை பறக்கும், முப்பது போன் உங்கள் முன்னால் நீளும். மேளம் கொட்டத் தொடங்கியதிலிருந்து கடைசி முடிச்சு வரை பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. பிளாஷை முழு பவரில் வைத்திருந்தால் இரண்டு படத்துக்கு அப்புறம் அது மூச்சு வாங்கும், நடுவில் இருண்ட படங்கள் வரும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டி பிளாஷ் பவரைக் குறைத்து வைத்தால் தொடர்ந்து அடிக்கும். வீடியோக்காரரோடு முந்தின நாளே பேசி யார் எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள். மேடையில் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வதைப் பார்க்கவே அசிங்கமாக இருக்கும். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: பெண்ணின் அம்மா முகம்.

தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடும். பல புதியவர்களும் கேமராவைத் தொங்கவிட்டு மூச்சு விடுவார்கள். ஆனால் பாணிக்கிரகணம் (மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பது), பொரியிடுதல், அம்மி மிதித்தல், மெட்டி போடுதல், அருந்ததி காட்டுதல் எல்லாம் இனிமேல்தான். மேடை காலியாக இருக்கும், முகங்களில் இறுக்கம் போயிருக்கும், மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடும்போது தோழிகள் கலாட்டா செய்வார்கள். நல்ல கேண்டிட் படங்கள், அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக விழும் படங்கள், பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கின்றன.

இது பொதுவான வரிசை. கொங்குப் பக்கம் அருமைக்காரர் என்ற சமூகப் பெரியவர் சீர்களை நடத்துவார், இணைச்சீர் என்ற சடங்கு மாப்பிள்ளையின் சகோதரிக்கு முக்கியமான நேரம், அதை விட்டுவிட்டால் அந்த அக்கா ஆயுசுக்கும் உங்களை மன்னிக்க மாட்டார். செட்டிநாட்டில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டுதல் என்பார்கள், பூட்டும் தங்க மாங்கல்ய நகை கழுத்திரு. நகையின் வேலைப்பாடு தெரிய ஒரு படமாவது தனியாக எடுங்கள். கிறிஸ்தவத் திருமணம் என்றால் முந்தின நாளே பாதிரியாரைப் பார்த்து, பீடத்துக்கு எவ்வளவு அருகில் வரலாம், பிளாஷ் போடலாமா என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் அங்கே சட்டம். நிக்காஹ்வில் பெரும்பாலும் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது, பெண் போட்டோகிராபர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது, இந்தத் தொழிலுக்கு வர யோசிக்கும் பெண்கள் இதை மனதில் வையுங்கள். சுயமரியாதைத் திருமணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. வாழ்த்துரை நீண்டுகொண்டே போகும், திடீரென்று தலைவர் மாலையையோ தாலியையோ எடுத்துக் கொடுப்பார், முன்னறிவிப்பு அவ்வளவுதான். பேச்சைக் கேட்டுக்கொண்டே இருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஆட்களைப் பிடிப்பது

புதுத் தம்பதிதான் உங்களை இன்ஸ்டாகிராமில் பார்த்து அழைத்திருப்பார்கள், ஆனால் ஆல்பத்தைப் புரட்டி "என் அண்ணன் படம் எங்கே" என்று கேட்கப் போவது அம்மாக்கள். அதனால் இரண்டு வீட்டிலும் கட்டாயம் எடுக்க வேண்டிய குடும்பப் படங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தாய்மாமன் குடும்பம், பங்காளிகள், சம்பந்தி வீட்டார், அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் என்று. எல்லார் வீட்டிலும் எல்லாரையும் தெரிந்த ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருப்பார், அவரை மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அவர் குரலால் கூப்பிட வையுங்கள். நீங்கள் கத்தினால் யாரும் வர மாட்டார்கள், "டேய் சுப்பு, குடும்பத்தோட மேல வா" என்று அவர் கத்தினால் பந்தியிலிருந்துகூட எழுந்து வருவார்கள்.

வயதானவர்களை அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே போய் எடுங்கள். தாத்தா பாட்டிக்கு நல்ல வெளிச்சத்தில், நேராகப் பார்க்கும்படி, மார்பளவில் தனித்தனியாக ஒரு படம். காரணம் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான்: வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டுவதற்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் குடும்பங்கள் தேடி எடுப்பது பெரும்பாலும் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படத்தைத்தான். பாதி காது வெட்டுப்பட்டு, தோளில் யாருடைய கையோ ஒட்டிக்கொண்டிருக்கும் எத்தனை போஸ்டர்கள் பார்த்திருப்பீர்கள்.

பந்தியில் சாப்பிடுபவரை வாயில் சோற்றோடு எடுக்காதீர்கள். இலை போட்டு முதல் பதார்த்தம் விழும்போதே ஒரு சுற்று எடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். நீங்களும் சாப்பிடுங்கள், யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ரிசப்ஷன் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முகூர்த்தம் முடிந்ததும் ஆள் மாற்றி ஒரு தடவை, இதை வேலை பேசும்போதே வீட்டாரிடம் சொல்லிவைத்தால் கூச்சம் இல்லை. மணவறையில் செருப்பு கூடாது, கழற்ற லேசான ஷூ போட்டு வாருங்கள். பையை மண்டபத்தில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போவது பெரிய ஆபத்து, பூட்டுகிற அறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கேமரா

புதிதாக வாங்குவதென்றால் நான் பார்ப்பது ஒன்றுதான்: இரண்டு கார்டு போடும் வசதி. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதிய வேண்டும். கார்டு கெட்டுப் போனால் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. பிராண்ட் சண்டையில் இறங்காதீர்கள், உங்கள் ஊரில் எந்த கம்பெனி லென்ஸ் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ, சர்வீஸ் எது பக்கமோ அதை வாங்குங்கள். 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்று, முகங்களுக்கு 85 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, பிளாஷ் இரண்டு, இதை வைத்தே பல வருடம் ஓட்டலாம். தூரத்திலிருந்து எடுக்க உதவும் 70-200 லென்ஸைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள். இரண்டாவது கேமரா பாடி ஒன்று கையில் இல்லாமல் முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள், வாடகையாக இருந்தாலும் சரி.

மண்டப வெளிச்சத்தில் இரண்டு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 சுற்றி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழாது. மிர்ரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் அணைத்துவிடுங்கள், எல்இடி வெளிச்சத்தில் அது பெரும்பாலும் கோடு போடும். இரண்டாவது, மேடை அலங்காரக்காரர் போடும் ஊதா, ரோஸ் லைட். முகமெல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிடும், எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு. ரிசப்ஷன் தொடங்குவதற்கு முன்பே போய், மேடைக்கு முன்னாலிருந்து அடிக்கும் லைட் மட்டும் வெள்ளையாக இருக்கட்டும், பின்னால் என்ன கலர் வேண்டுமானாலும் போடுங்கள் அண்ணே என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். துணிப் பந்தல் என்றால் பிளாஷை மேலே அடிக்காதீர்கள், துணியின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும்.

அரக்குச் சிவப்புப் பட்டு ஒரு தனிப் பிரச்சினை. முகத்துக்கு வெளிச்சம் சரியாக இருக்கும், புடவை மட்டும் ஜரிகை தெரியாமல் சிவப்புக் குழம்பாக இருக்கும். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள், கொஞ்சம் குறைவாக எக்ஸ்போஸ் செய்து, எடிட்டில் திருத்த இடம் தரும் ரா பைலில் எடுங்கள். ஹோமப் புகை வரும்போது போகஸ் தேடிக்கொண்டே இருக்கும், அப்போது முகத்தை விட்டுவிட்டு மாலையின் விளிம்பு போல வெள்ளையும் கருப்பும் சேரும் இடத்தில் போகஸ் பிடியுங்கள். எல்லா கேமராவின் கடிகாரத்தையும் காலையிலேயே ஒரே நேரத்துக்கு வைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாலு கேமராப் படங்களை வரிசைப்படுத்தவே ஒரு வாரம் போகும்.

பணமும் காகிதமும்

ஒரு கணக்குக்காக, ரிசப்ஷன், முகூர்த்தம் சேர்த்து 80,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேண்டிட் எடுப்பவருக்கு 12,000, டிரெடிஷனல் போட்டோவுக்கு 6,000, வீடியோவுக்கு 8,000, லைட்டுக்கு 2,500, வீடியோ எடிட்டிங் 8,000, ஆல்பம் டிசைனும் பிரிண்டும் 14,000, வண்டி 3,000. மொத்தம் 53,500 போய்விட்டது. மீதி 26,500. இதில்தான் கேமரா தவணை, ஹார்ட் டிஸ்க், ஒரு மாதமோ இரண்டு மாதமோ நீங்கள் உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாம் அடக்கம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "அவன் அறுபதுக்கு வருகிறான்" என்று இறங்கினால் கைக்காசைப் போட்டுத்தான் ஆல்பம் கொடுக்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் இல்லாமல் தேதியைக் குறிக்காதீர்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் அந்தத் தேதியைத் தேடி வேறு ஆள் கண்டிப்பாக வருவார். பெரும்பகுதிப் பணம் முகூர்த்தத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும், ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வது சிறு தொகையாக மட்டும் இருக்கட்டும்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கட்டாயமாக. எத்தனை பேர் வருவோம், எத்தனை மணி வரை, ஆல்பத்தில் எத்தனை ஷீட், எப்போது தருவோம் என்பதோடு இன்னொன்றையும் சேருங்கள்: படங்களை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா என்பது. இது வெறும் மரியாதைக்காக இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். எடுத்தவர் இல்லை. நிறைய பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ட்ரோன் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், மைக்ரோவைக் காசு வாங்கிப் பறக்கவிட்டால் வேண்டும். பறக்கும் இடம் தடையுள்ள சிவப்பு மண்டலமா, அனுமதி வாங்க வேண்டிய மஞ்சள் மண்டலமா என்று அரசின் வரைபடத்தில் பார்த்தே ஆக வேண்டும், விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் என்றால் பேசாமல் மறுத்துவிடுங்கள். அவுட்டோர் ஷூட்டுக்கு மாமல்லபுரமோ தஞ்சைப் பெரிய கோயிலோ கேட்பார்கள். இரண்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பவை, ட்ரைபாடும் லைட்டுமாகப் போனால் முன் அனுமதி இல்லாமல் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். ஜிஎஸ்டி பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயம். வரவு என்றால் லாபம் இல்லை, மொத்தமாக வாங்கும் தொகை.

வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு தூக்கம் வந்தாலும் படுப்பதற்கு முன் கார்டுகளை இரண்டு தனித்தனி டிஸ்கில் ஏற்றுங்கள். 4,000 ரா படம், ஒவ்வொன்றும் 25 எம்பி என்றாலே 100 ஜிபி, வீடியோ அதற்கு மேல். ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டிலும் படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கும் வரை கார்டை பார்மேட் செய்யாதீர்கள். விடியற்காலை முகூர்த்தம் முடித்துவிட்டு இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம், மண்டபத்திலேயே இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வாருங்கள்.

ஆல்பம் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் போட்டோகிராபர் என்றால், மீதிக் காரணம் செலக்ஷன். படங்களைக் கொடுத்துவிட்டால் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி மாதக்கணக்கில் இழுப்பார்கள், ஒரு வருடம் கழித்து "ஆல்பம் எப்போ தம்பி தருவீங்க" என்று கோபமாகப் போன் வரும். 4,000 படத்தையும் கொடுக்காமல் நீங்களே கழித்து 800 ஆக்கிக் கொடுங்கள், திருப்பித் தர ஒரு கெடு சொல்லுங்கள், அதற்குள் வரவில்லை என்றால் நானே தேர்ந்தெடுத்து டிசைன் செய்வேன் என்று முதலிலேயே எழுதிய காகிதத்தில் இருக்கட்டும். ஒரு சில படங்களை மட்டும் மறுநாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வீட்டாரின் பாதி அவசரம் அடங்கிவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வரும் பணம்தான் அந்த மாதங்களுக்கும் சோறு போட வேண்டும். சென்சார் சுத்தம் செய்வது, நின்றுபோன ஆல்பங்களை முடிப்பது, நிலுவைப் பணம் கேட்பது எல்லாவற்றுக்கும் ஆடிதான் சரியான மாதம். பழைய கல்யாணங்களின் டிஸ்க்குகளைக் காலி செய்வதும் அப்போதுதான். அழிப்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்த வீட்டுக்குச் செய்தி அனுப்பி, காப்பி வேண்டுமானால் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அனுப்பிய செய்தியை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.